தீராத கடன்

விழா மலருக்குக் கட்டுரை தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபொழுது, விடுதி நினைவுகளையும் கிரிக்கெட் வெற்றிகளையும் எம்மினும் வல்ல நண்பர்கள் எழுதுவர் எனக் கருதி, நாம் எமது கடன் ஒன்றைப் பற்றி எழுதத் துணிந்தோம். அது ஒரு மாணவனுக்கு நாம் இறுக்கவேண்டிய விடை.

கல்லூரியை விட்டகன்ற சில ஆண்டுகளின் பின்னர், மாத்தளை மாவட்டத்து யட்டவத்தப் பகுதியிலே ஒரு சிறு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்தோம். ரப்பரும் கொக்கோவும் செறிந்த மலைச்சாரல். லயன்களுக்கு மின்சாரம் எட்டாத காலம். ஆதலின் வானம் மட்டும் அங்கே செல்வம் மிக்கதாயிருந்தது. ஒரு தை மாத இரவிலே மாணவர் சிலரை முற்றத்திற் கூட்டி, உச்சிக்கு அணித்தாய் நின்ற ஓரியன் தொகுதியைக் காட்டினோம். அதன் இடைக்கச்சையில் நிற்கும் மூன்று நீலவெண் தாரகைகளும் 25,000 பாகைக்கு மேல் வெப்பமுடையன. சூரியனோ 5,500 பாகை அளவினதே. இத்தகைய இளந் தாரகைகளைக் கொண்டே 1951 இல் மோர்கன் முதலானோர் எமது பால்வீதியின் சுருட்கைகளை இனங்கண்டனர். இவ்வளவும் சரியாகவே சொன்னோம். பின்னர், அக்கைகள் வண்டிச் சில்லின் ஆரக்கால்கள்போல் ஒன்றாய்ச் சுழல்கின்றன என்றோம். அதுதான் பிழை.

"சேர், உள்ளுக்குள்ள இருக்கிறது சீக்கிரம் சுத்தி வந்துடும், வெளியில இருக்கிறது பிந்திப் போகும். அப்ப அந்தக் கை சுருண்டு போயிடாதா?" என்று ஒருவன் கேட்டான். பதினைந்து வயதிருக்கும். எமக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. "சொன்னதைக் கேள்" என்று அதட்டிவிட்டோம். ஏனைய மாணவர் சிரித்தனர்.

அவன் கேட்டது வானநூலார் நெடுங்காலம் மயங்கிய கேள்வி. சூரியன் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 22 கோடி ஆண்டு கொள்ளும். மையத்திலிருந்து அதிற் பாதித் தூரத்தே உள்ளது ஏறத்தாழப் பாதிக் காலத்திலேயே சுற்றி முடித்துவிடும். இப்படியே போனால் கைகள் நூற்கண்டாகி மறைந்திருக்க வேண்டும். 1964 இல் லின், ஷூ என்னும் இருவர் ஒரு விடை கூறினர். மாத்தளை முத்துமாரியம்மன் ஆலய மாசிமகத் தேர் வீதியில் மெல்ல நகர்வதை எண்ணிப் பாருங்கள். விரைந்து நடப்போர் பின்னிருந்து வந்து நெரிசலிற் புகுவர், சற்றுத் தாமதிப்பர், முன்னே வெளியேறுவர். ஆட்கள் மாறுவர், நெரிசலோ தேரோடு கூடவே செல்லும். சுருட்கையும் அத்தகையதொரு நெரிசல் அலையே என்பது அவர்தம் கொள்கை. அவ்வலை எத்துணைக் காலம் நிலைக்கும் என்பதில் அறிஞரிடையே இன்னும் வாதம் உண்டு.

அந்நெரிசலில் வாயு அமுக்குண்டு தாரகைகள் பிறக்கின்றன. பெற்ற வாயுவின் நடையே பிள்ளைக்கும். செக்கனுக்கு ஏறத்தாழ 230 கிலோமீற்றர் வேகத்தில் மையத்தைச் சுற்றும்போது, அவ்வொழுங்கிலிருந்து அவை விலகும் வேகம் 10 கிலோமீற்றர் அளவே. முதிய தாரகைகளிலோ இது பன்மடங்கு. எமது சமூகத்திற் போலன்றி, அங்கே இளையவர் அடக்கமுடையர், முதியவர் தாறுமாறாய்த் திரிபவர்! தாரகைகள் ஒன்றையொன்று ஈர்த்து இவ்வாறு கலைத்தற்குக் காலம் போதாது. சென்னை மாநிலக் கல்லூரி தந்த சந்திரசேகர் 1942 இல் வெளியிட்ட நூலின் கணிப்புகள் அதனைக் காட்டின. பெரும் வாயு முகில்களே கலைக்கின்றன என 1951 இல் ஸ்பிற்சரும் ஸ்வார்ஸ்சைல்டும் உரைத்தனர்.

மிக்க வெப்பமுடையவை சில பத்து இலட்சம் ஆண்டுகளே வாழ்வன. ஐம்பது இலட்சம் ஆண்டு வாழும் ஒன்று, தன் வட்டத்தில் நாற்பதில் ஒரு பங்குகூடச் செல்லுமுன் மடிந்துவிடும். எனவேதான் கையை விட்டு அகலாது நின்று அதற்கு ஒளி ஊட்டுகின்றன. விலக்கும் உண்டு. ஓரியனிலிருந்து சுமார் 25 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் எதிரெதிர்த் திசைகளில் எறியப்பட்டு, செக்கனுக்கு 100 கிலோமீற்றர் அளவில் ஓடும் இரு தாரகைகளை 1954 இல் பிளாவும் மோர்கனும் கண்டறிந்தனர்.

இவற்றையெல்லாம் நாம் கண்டி நூலகமொன்றில் படித்தறிந்து பாடசாலைக்குத் திரும்பியபோது அவன் வரவில்லை. கொழும்பிலே கடையொன்றில் வேலைக்குச் சேர்த்துவிட்டதாக அவன் தாயார் சொன்னார். அதன்பின் அவனைக் காணவில்லை. இம்மலர் எவ்வாறேனும் அவன் கைக்கு எட்டுமாயின்: தம்பி, நீ கேட்டது சரி, அன்று நாம் சொன்னது பிழை.