பச்சைக்குப் பதினொன்று, கறுப்புக்குப் பன்னிரண்டு

இலண்டன் மாநகரின் நிலக்கீழ்ப் புகையிரதப் பாதைகளைக் காட்டும் படம் உண்மையில் ஒரு தேசப்படம் அன்று. ஹரி பெக் என்னும் படவரைஞர் 1931 ஆம் ஆண்டில் அதனை வரைந்தபோது, தூரத்தை அளந்து காட்டும் எண்ணத்தையே கைவிட்டார். வளைந்து நெளிந்து செல்லும் பாதைகளை நேர்கோடுகளாக்கினார். நிலையங்களை ஏறக்குறைய ஒத்த இடைவெளியில் நிறுத்தினார். நிலத்தின் மேலுள்ளவற்றுள் தேம்ஸ் நதியை மட்டும் விட்டுவைத்தார். மிகப் புதுமையானதென்று முதலில் ஒதுக்கப்பட்ட அப்படம், 1933 இல் சட்டைப்பையில் அடங்கும் அளவில் அச்சாகி வந்ததும் மக்கள் மனத்தைக் கவர்ந்துவிட்டது.

லெஸ்ரர் ஸ்குவெயருக்கும் கொவென்ற் கார்டனுக்கும் இடையே சுமார் 260 மீற்றர் தூரமே உண்டு; வண்டிக்குக் காத்திருப்பதிலும் நடந்துபோவதே மேல். நகரின் வடமேற்கெல்லைக்கு அப்பாலுள்ள செஷம் நிலையத்துக்கும் அதற்கு அடுத்ததற்கும் இடையே ஆறு கிலோமீற்றருக்கு மேல். படத்திலோ இரண்டும் விரற்கடைத் தூரந்தான். இதனைக் குறையென்பாரும் உளர். இதன் அருமை எனக்கு விளங்கியது என் தாயார் வந்த பின்னரே.

2011 ஆம் ஆண்டில் அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஈஸ்ற் ஹாமில் எங்களோடு தங்கியிருந்தார். ஆங்கில எழுத்து ஒன்றேனும் அறியார். அவ்வேளையில், நகரின் தென்புறத்தே ரூற்றிங்கில் வசிக்கும் என் சின்னம்மாவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. பகலில் அவருக்குத் துணையில்லை. நானும் மனைவியும் வேலைக்குப் போகவேண்டியவர்கள். நாள்தோறும் வாடகைக் கார் பிடிக்க வசதியுமில்லை. "தங்கச்சி தனியக் கிடக்க நான் இங்கை சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ? வழியைக் காட்டு, தம்பி. நான் போறன்" என்றார் அம்மா.

தூரம் அவருக்குத் தேவைப்படவில்லை. நிறமும் எண்ணிக்கையுமே தேவைப்பட்டன. ஈஸ்ற் ஹாமில் பச்சைப் பாதை. பதினோராவது நிலையம் மொனியுமென்ற். அங்கிறங்கிக் கறுப்புக் கோட்டைப் பின்பற்றி நிலத்தடி வழியே நடந்தால் பாங்க் நிலையம். அங்கிருந்து தெற்கே பன்னிரண்டாவது நிலையம் ரூற்றிங் புறோட்வே. விரல்மடக்கி எண்ணுவது, நாள்தோறும் செபமாலை உருட்டும் அவருக்குப் புதிதன்று.

இடர் ஒன்று இருந்தது. ஈஸ்ற் ஹாமில் பச்சைப் பாதை வண்டியும் இளஞ்சிவப்புப் பாதை வண்டியும் ஒரே மேடைக்கு வரும். ஒன்பதாவது நிலையம்வரை இரண்டும் ஒரே தண்டவாளத்தில் ஓடும். பின்னர் இளஞ்சிவப்பு வடக்கே திரும்பிவிடும். அது செல்லும் ஊர் ஹமர்சிமித். ஆகவே 'எச்' என்னும் எழுத்தைத் தாளில் பெரிதாக எழுதிக் காட்டினேன். "ஒற்றைப்படி ஏணி" என்றார் அம்மா. வண்டியின் முகப்பில் முதலெழுத்து ஏணியாயின் ஏறலாகாது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உடன் சென்றேன். நகரும் படிகளில் வலப்புறம் நிற்கவும், நடப்போர்க்கு இடப்புறம் விடவும் உடனே பழகிக்கொண்டார். சேலை சிக்குமோ என்ற அச்சம் மட்டும் நீங்கவில்லை. கொய்யகத்தைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடியே நின்றார்.

திங்கட்கிழமை தனியே புறப்பட்டார். அக்காலத்தில் சுரங்கத்தினுள் கைத்தொலைபேசி எட்டாது. அலுவலகத்தில் கணக்கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நானும் நிலையங்களை எண்ணினேன். ஒரு மணி நேரம் கடந்தது. மேலும் இருபது நிமிடங்கள் சென்றன. பின்னரே சின்னம்மாவின் அழைப்பு வந்தது. "கொக்கா வந்து அரை மணித்தியாலம். ரசம் வைக்கிறா. உனக்குச் சொல்ல மறந்துபோனன், மோனை."

ஆறு கிழமைகள் அவ்வாறே போய்வந்தார். அதன் பின்னர் ஹைகேற் முருகன் கோவிலைப் பார்க்கவேண்டுமென்று ஓர் ஆசை. பக்கத்து வீட்டார் சொல்லியிருந்தனர். அதுவும் கறுப்புப் பாதையே. பாங்கிலிருந்து வடக்கே ஒன்பதாவதான ஆர்ச்வேயில் இறங்கலாம். ஆனால் இடையில் கம்டன் ரவுணில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஹை பார்னெற் செல்லும் வண்டியிலேயே ஏறவேண்டும். அதன் முதலெழுத்தை எழுதிக் காட்டினேன்.

அம்மா தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏணி அங்கை கூடாது எண்டாய். இங்கை ஏணியிலைதான் ஏறவேணும் எண்டிறாய். ஒரு முடிவாய்ச் சொல்லு, தம்பி."