கலிலேயாப் பயணம் – 6: நூறு அளவு கோதுமைக்கு ஒரு வானம்

சென்ற இதழில் கப்பர்நகூமின் வெள்ளை ஜெப ஆலயத்தோடு நிறுத்தியிருந்தேன். ஊர் முழுக்கக் கருநிற எரிமலைக்கல் வீடுகள். நடுவில் ஜெப ஆலயம் மட்டும் வெளியூரிலிருந்து கொண்டுவந்த வெண்சுண்ணக்கல்லில். கூப்பிடு தூரத்தில், பேதுருவின் வீடு என்று நம்பப்பட்ட இடத்தின் மேல் ஐந்தாம் நூற்றாண்டில் எழுந்த எண்கோணத் தேவாலயம். யூதரும் கிறிஸ்தவரும் ஒரே ஊரில் எதிரெதிரே நின்று கட்டியிருக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் கொத்தனும் கல்தச்சனும் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்வி எனக்கு அங்கேயே தொற்றிக்கொண்டது. அதற்குப் பாதி பதில் தெற்கே ஒரு கிராமத்தில் தரையில் எழுதியே இருக்கிறது. அந்தக் கிராமம்தான் இந்த வாரம்.

வழியில் திபேரியாவின் வெந்நீர் ஊற்றுகளை ஒட்டியுள்ள ஹம்மாத்தில் இறங்கிப் பார்த்துவிட வேண்டும். நான்காம் நூற்றாண்டு ஜெப ஆலயத்தின் மொசைக் தரை. நடுவட்டத்தில் கிரேக்கரின் சூரிய தேவன் ஹீலியோஸ், கையில் உலக உருண்டையோடும் சாட்டையோடும். அவனைச் சுற்றிப் பன்னிரண்டு ராசிகள். நிழலும் வெளிச்சமும் பிரித்து, சதையின் திரட்சி தெரிய வரைந்திருக்கிறார்கள். துலாம் ராசிக்காரன் உடம்பில் ஆடை என்று சொல்ல ஒரு மேல்துண்டுதான். இதற்குப் பணம் கொடுத்தவர்களில் ஒருவரான செவேரோஸ், யூத சமூகத் தலைவர்களின் வீட்டுப் பிள்ளைபோல் வளர்ந்தவர் என்று அங்குள்ள கிரேக்கக் கல்வெட்டு சொல்கிறது. ஆக, இது பட்டணத்துப் பெரிய மனிதர்களின் ரசனை. ஆனால் கும்ப ராசியின் பெயரை மட்டும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகத் திருப்பி எழுதியிருக்கிறார்கள். கல் பதித்தவனுக்கு எபிரெயம் வாசிக்கத் தெரியாது என்பதுதான் இதற்குப் பலரும் சொல்லும் காரணம். பின்னால் வந்தவர்கள் புதுக் கட்டடம் எழுப்பியபோது இந்தச் சித்திரத்தின் குறுக்கேயே சுவரை இழுத்துவிட்டார்கள். 2012இல் வேறு சிலர் வந்து சாயம் பூசிக் கல்லைப் பெயர்த்துவிட்டுப் போனார்கள்.

திபேரியாவிலிருந்து 90ஆம் எண் சாலை யோர்தான் நதியோடு சேர்ந்து தெற்கே இறங்குகிறது. நம்மூர்ப் பயணக் குழுக்கள் எல்லாம் இந்தச் சாலையில்தான் போகின்றன. கலிலேயாக் கடலோரம் முடிந்ததும் யோர்தானில் முழுக்கு, அப்புறம் எரிகோ, எருசலேம் என்று பேருந்து நிற்காமல் ஓடும். பெத்சானில் மேற்கே திரும்பினால் கால் மணி நேரத்துக்குள் கில்போவா மலையின் அடிவாரம். சவுல் ராஜாவும் யோனத்தானும் செத்து விழுந்த மலை என்று வேதம் படித்தவர்களுக்குத் தெரியும். அடிவாரத்தில் வயலும் மீன் குளங்களுமாக ஒரு பள்ளத்தாக்கு. அதில் ஹெஃப்ட்சிபா என்ற கூட்டுப்பண்ணை. 1928 டிசம்பரில் அந்தப் பண்ணைக்காரர்கள் பாசனத்துக்கு வாய்க்கால் வெட்டும்போது மண்வெட்டியில் வண்ணக் கற்கள் தட்டுப்பட்டன. அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே எருசலேமின் எபிரெயப் பல்கலைக்கழகத்திலிருந்து எலெயாசர் சுகேனிக் வந்து தோண்டினார். பக்கத்துப் பண்ணையின் பெயரில் பெத் அல்பா ஜெப ஆலயம் என்று அது உலகத்துக்கு அறிமுகமானது.

வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கூரைக் கட்டடம். உள்ளே தரையைச் சுற்றி உயரமான நடைபாதை போட்டிருக்கிறார்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து பார்க்கலாம். மொசைக் தரை என்றதும் நம் வீடுகளில் சில்லுகளைக் கொட்டி, தேய்த்து மெருகேற்றும் தரை நினைவுக்கு வரும். இது அதுவல்ல. ஈரச் சுண்ணாம்பு காய்வதற்குள், விரல் நகத்தளவு சதுரக் கற்களை ஒவ்வொன்றாகக் கையால் பதிக்கும் வேலை. கற்களில் பெரும்பாலானவை அந்த வட்டாரத்திலேயே கிடைப்பவை.

வாசல் வடக்கே, எருசலேம் தெற்கே. வாசலில் காலை வைத்ததும் ஒரு பக்கம் சிங்கம், இன்னொரு பக்கம் காளை, நடுவில் இரண்டு எழுத்துக் கட்டங்கள். அதைத் தாண்டி முதல் படம், ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போன கதை. இடது ஓரத்தில் கழுதையும் இரண்டு வேலைக்காரர்களும். வலது ஓரத்தில் பலிபீடம் கொழுந்துவிட்டு எரிகிறது. தாடிக்கார ஆபிரகாம் ஒரு கையில் கத்தியும் மறு கையில் மகனுமாக நிற்கிறார். ஈசாக்கு சின்னப் பையன். கை கட்டப்பட்டு, கால் தரையில் பாவாமல் அந்தரத்தில் தொங்குகிறான். மேலே வானத்திலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு தடுக்கிறது. கடவுளின் உருவத்தை வரையக் கூடாது, ஆனால் கதை புரிய வேண்டும். ஒரு கையோடு முடித்துக்கொண்டார்கள். நடுவில் மரத்தில் கட்டிய ஆட்டுக்கடா. பக்கவாட்டில் இடம் போதவில்லை போலும், ஆட்டைச் செங்குத்தாக, மரம் ஏறுவதுபோல் நிறுத்தியிருக்கிறார்கள். பெயர்களையும், ‘கையைப் போடாதே’ என்ற கட்டளையையும் பக்கத்திலேயே எழுதிவிட்டார்கள். தூரம், ஆழம், உடம்புக் கணக்கு எதுவும் இல்லை. முகங்கள் எல்லாம் வட்டம், கண்கள் எல்லாம் நம்மையே பார்க்கின்றன. ஆனால் கதை தெரியாதவர்கூட இந்தப் படத்தைப் பார்த்துக் கதை சொல்லிவிடலாம்.

நடுப்படம் பெரிய ராசிச் சக்கரம். ஹம்மாத்தின் சூரியனுக்கு உடம்பு இருந்தது; இங்கே முகமும் கதிர்க் கிரீடமும்தான். உடம்பு இருக்க வேண்டிய இடத்தில் ரதம். நான்கு குதிரைகள் நேராக நம்மேல் பாய்ந்து வருகின்றன. சுற்றிலும் பிறையும் நட்சத்திரங்களும். மேஷம் முதல் மீனம் வரை நம் பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் யாரிடமும் கேட்காமல் அடையாளம் கண்டுகொள்ளலாம். பாபிலோனில் பிறந்து கிரேக்கர் வழியாகக் கிழக்கே நமக்கும் மேற்கே அவர்களுக்கும் வந்த ஒரே சொத்து அது. கன்னி, பைசாந்திய அரச வீட்டுப் பெண்போல் சிவப்புக் காலணியோடு ஆசனத்தில் அமர்ந்திருக்கிறாள். கும்பத்துக்குக் குடம் சாய்க்கும் இளைஞன் இல்லை. கிணற்றில் வாளி விட்டு நீர் இறைக்கும் ஆள். எனக்கு மிகவும் பிடித்தது அவன்தான். நான்கு மூலைகளிலும் நான்கு பருவங்கள், சிறகு முளைத்த பெண்களாக. எந்தப் பருவமும் தனக்குரிய மாதங்களுக்கு அருகில் இல்லை. அதற்காக யாரும் கல்லைப் பெயர்த்து மாற்றிப் பதிக்கவும் இல்லை.

மூன்றாவது படம் தெற்கே, பேழையின் அருகில். இரண்டு பக்கமும் விலக்கிய திரை, தோரா என்னும் வேதச் சுருளை வைக்கும் பேழை, மெனோரா என்னும் ஏழு கிளைக் குத்துவிளக்குகள், ஆட்டுக்கொம்பு எக்காளம், குருத்தோலை, காவலுக்குச் சிங்கங்கள். இல்லாமல் போன எருசலேம் ஆலயத்தின் தட்டுமுட்டுச் சாமான்களை ஒன்றுவிடாமல் நினைவில் வைத்து வரைந்திருக்கிறார்கள்.

விக்கிரகம் கூடாது என்ற மதத்தில், வழிபாட்டுக் கூடத்தின் நட்டநடுவில் சூரிய தேவனா என்று கேட்காதவர் இல்லை. ஆளுக்கொரு விளக்கம் உண்டு. இது உழவர்களின் ஊர். பண்டிகையும் விதைப்பும் அறுப்பும் நாள்காட்டியைப் பார்த்துத்தான். எனவே இதை ஆண்டின் படமாகத்தான் நான் பார்க்கிறேன். இன்னொன்று, காலால் மிதித்து நடக்கும் படத்தை யார் கும்பிடுவார்கள்? ரப்பி அபுன் என்ற பழைய அறிஞர் காலத்தில் தரையில் உருவங்கள் வரையத் தொடங்கியதாகவும், அவர் தடுக்கவில்லை என்றும் யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான எருசலேம் தல்மூதின் ஒரு பழைய ஏட்டுத் துண்டு சொல்கிறது.

வாசலில் விட்டுவந்த எழுத்துக் கட்டங்களுக்கு இப்போது வருகிறேன். ஒன்று அரமேய மொழி. யுஸ்தின் அரசரின் ஆட்சியில் இந்தத் தரை போடப்பட்டது. ஊரார் கொடுத்தது நூறு அளவு கோதுமை. ஆண்டு எழுதிய இடம் உடைந்துபோனதால், 518இல் பட்டத்துக்கு வந்த முதலாம் யுஸ்தினா, 565இல் வந்த இரண்டாம் யுஸ்தினா என்று இன்னும் சண்டை தீரவில்லை. இவர்கள் இருவருக்கும் நடுவில் ஆண்டவர்தான் இத்தாலியின் ராவென்னா நகரத் தேவாலயத்தின் பொன் சுவரில் கிரீடத்தோடு நிற்கும் யுஸ்தினியன். எந்த யுஸ்தின் என்றாலும் கணக்கு ஒன்றுதான்: 438இலேயே, புது ஜெப ஆலயம் கட்டக் கூடாது என்று இரண்டாம் தியோடோசியஸ் சட்டம் போட்டாயிற்று. இந்தக் கிராமத்தார் கோதுமையை அளந்து கொடுத்து வேலையை முடித்துவிட்டு, அரசர் பெயரையும் மரியாதையாகத் தரையிலேயே எழுதிவைத்தார்கள்.

இரண்டாவது கட்டம் கிரேக்கத்தில். வேலை செய்த மரியானோசும் அவர் மகன் ஹனினாவும் நினைக்கப்படுவார்களாக என்கிறது. அக்காலத்தில் தரை போட்டவர்கள் பெயரை எழுதிவைப்பது அபூர்வம். இதே அப்பனும் மகனும் பெத்சானில் இன்னொரு தரையிலும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அது சமாரியருடையது என்று பலர் கருதும் ஜெப ஆலயம். அங்கே பேழை உண்டு, விளக்கு உண்டு, மனித உருவம் ஒன்றுகூட இல்லை. கேட்டவர்களுக்குக் கேட்டபடி. அதே பெத்சானில் ஆறாம் நூற்றாண்டில் மரியா என்ற சீமாட்டி கட்டிய கிறிஸ்தவ மடத்தின் தரையிலும் நடுவில் சூரியனும் சந்திரனும், சுற்றிலும் பன்னிரண்டு மாதங்களும் இருக்கின்றன. கோயில்கள்தான் வேறு வேறு. பட்டறை வழக்கம் ஒன்று.

கலை வரலாற்றுப் புத்தகங்கள் பெத் அல்பாவை நாட்டுப்புறக் கைவேலை என்று ஒரு படி கீழே வைக்கும். ஹம்மாத்தின் கை தேர்ந்த கை, சந்தேகமில்லை. ஆனால் ஹம்மாத்தில் பார்த்த எந்த முகமும் எனக்கு இப்போது நினைவில் இல்லை. அந்தரத்தில் தொங்கும் ஈசாக்கு இருக்கிறான்.

தமிழக அரசின் மானியத்திலோ சொந்தச் செலவிலோ எருசலேம் போகிறவர்கள், நிலைமை சீராக இருக்கும் நாளில், பணம் கட்டுவதற்கு முன்பே பயண ஏற்பாட்டாளரிடம் சொல்லிப் பெத் அல்பாவைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். 90ஆம் எண் சாலையிலிருந்து சிறு சுற்றுதான்; பார்த்து முடிக்க முக்கால் மணி நேரம் போதும். உள்ளே போனதும் நேராகச் சூரியனிடம் ஓடாதீர்கள். வாசல் எழுத்துகளிலிருந்து தொடங்குங்கள்.

அடுத்த இதழில் பெத்சான்.