தாத்தாவிடம் கேளுங்கள்... "எந்தக் குதிரை?"

திருச்சியில் ஆட்டோ ஏறி "ரேஸ் கோர்ஸ் ரோடு" என்று சொன்னால், டிரைவர் மறுபேச்சு பேசாமல் காஜாமலைப் பக்கம் வண்டியைத் திருப்பிவிடுவார். அண்ணா ஸ்டேடியம் இருக்கும் சாலை அது. காலையில் வாக்கிங் போகிறவர்கள் உண்டு. ஓட்டப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் உண்டு. குதிரை மட்டும் இல்லை. பந்தயம் பெயரில் மட்டும் மிச்சமிருக்கிறது.

நம் வீடுகளில் 'ரேஸ்' என்ற சொல்லுக்கே நல்ல பெயர் கிடையாது. "அவர் ரேஸுக்குப் போவார்" என்பதைக் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொல்வார்கள். அப்படிப்பட்ட வீட்டில் பெண் கொடுக்கவே யோசிப்பார்கள். நகை அடகுக்குப் போனதும், வீட்டுப் பத்திரம் கைமாறியதும் எத்தனையோ குடும்பங்களின் கதை. அந்தப் பயம் நியாயமானது.

ஆனால், ரேஸ் பார்த்த பெரியவர்களில் இன்னொரு ரகமும் உண்டு. எவ்வளவு கட்டினோம், எவ்வளவு விட்டோம் என்பதெல்லாம் அவர்களுக்கு மறந்துபோயிருக்கும். ஒரு குதிரையின் பெயர், அதன் நிறம், கடைசித் திருப்பத்தில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அது வெளியே வந்த விதம்... இவை மட்டும் அப்படியே நினைவில் நிற்கும்.

ரேஸ் பாஷையில் 'ஃபேவரிட்' என்றால், அதிகம் பேர் பணம் கட்டிய குதிரை. அது கூட்டத்தின் கணக்கு. மனதுக்குப் பிடித்துப்போன குதிரை வேறு. ஒருவரை ஆயுள் முழுக்கப் பந்தயத்தோடு கட்டிப்போடுவது இந்த இரண்டாவது குதிரைதான்.

ஆடல்மாவின் ஊர்

குதிரை மேல் மனம் போவது எப்படி என்பதை ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய ராப்பத்து உற்சவத்தின் எட்டாம் நாள், ஆயிரங்கால் மண்டபத்தின் அருகே மணல்வெளியில் கூட்டம் நெருக்கித் தள்ளும். அன்றுதான் வேடுபறி. நம்பெருமாள் தங்கக் குதிரை வாகனத்தில் வருவார். ஸ்ரீபாதம் தாங்கிகள் தோளில் வாகனத்தோடு முன்னே ஓடுவார்கள், சட்டென்று திரும்புவார்கள், மறுபடி ஓடுவார்கள். அதற்கு வையாளி என்று பெயர். பார்க்கிறவர்களுக்கு அது வாகனம் என்பதே மறந்துபோகும். உயிருள்ள குதிரையே துள்ளி வருவதுபோல இருக்கும்.

வேடுபறியின் கதாநாயகன் திருமங்கை ஆழ்வார். அடியார்களுக்கு அன்னமிட வழிப்பறியில் இறங்கிய குறுநில மன்னர். மணக்கோலத்தில் வந்த பெருமாளையே வழிமறித்து, கடைசியில் அவரிடமே திருமந்திரம் பெற்றவர். அவருடைய குதிரையின் பெயர் ஆடல்மா. அந்தக் காலத்து மன்னர்கள் பலரின் பெயரே நமக்குத் தெரியாது. ஒரு குதிரையின் பெயர் இன்றும் நிற்கிறது. வெளியே வந்தால் சேஷராயர் மண்டபத்தில், முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் கல் குதிரைகள் வேறு. இந்த ஊரில் வளரும் குழந்தை, குதிரையின் கம்பீரத்தைப் பார்த்த பிறகுதான் 'ரேஸ்' என்ற சொல்லையே கேள்விப்படுகிறது.

குதிரையின் பெயரில் ஒரு ஸ்டூடியோ

ஒரு குதிரை மீதான பிரியம் எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்கு, தஞ்சைத் தரணியின் திருத்துறைப்பூண்டியில் பிறந்து சென்னைக்குப் போன எஸ்.எஸ்.வாசன் நல்ல உதாரணம். 'ஆனந்த விகடன்' அதிபரான அவருக்குக் குதிரைப் பந்தயத்தில் தீராத ஆர்வம். சொந்தமாகப் பந்தயக் குதிரைகளும் வைத்திருந்தார். அவற்றில் ஒன்றான 'ஜெமினி ஸ்டார்' நினைவாகத்தான் அவர் தன் ஸ்டூடியோவுக்கு ஜெமினி என்று பெயர் வைத்தார் என்று தமிழ் சினிமா வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். 1948-ல் அந்த ஸ்டூடியோவில் இருந்து வந்த 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தை, ரேஸ் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்களும் வாய் பிளந்து பார்த்தார்கள்.

ஸ்டூடியோ போய்விட்டது. பெயர் போகவில்லை. 1973-ல் திறக்கப்பட்ட அண்ணா மேம்பாலத்தை மக்கள் இன்றும் 'ஜெமினி மேம்பாலம்' என்றுதான் சொல்கிறார்கள். அதன் ஓரத்தில், திமிறும் குதிரையை ஒருவர் இழுத்துப் பிடிக்கும் சிலையைப் பார்த்திருப்பீர்கள். தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்க எடுத்த முடிவின் நினைவுச் சின்னம் அது என்பார்கள். பந்தயக் குதிரையின் பெயரைச் சுமக்கும் பாலத்தில், பந்தயத்துக்குப் போட்ட தடையின் சின்னம்! தமிழ்நாடு ரேஸை வெறுத்ததும் ரசித்ததும் அந்த ஒரே இடத்தில் நிற்கின்றன.

1974-ல் குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதைத் தடுக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு கொண்டுவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996 ஜனவரியில் வந்த தீர்ப்பு, குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, வெறும் சூதாட்டம் அல்ல என்றது.

அந்தத் திறமை எங்கிருந்து வருகிறது? பிடித்த குதிரை ஒன்றைத் தொடர்ந்து கவனிப்பதில் இருந்துதான். 1,200 மீட்டரில் பறக்கும் குதிரை 2,400 மீட்டரில் ஏன் மூச்சு வாங்குகிறது? மழை பெய்து தரை இளகினால் அதன் ஓட்டம் ஏன் மாறுகிறது? போன முறை ஜெயித்ததற்காக இந்த முறை அதன் முதுகில் ஏன் கூடுதல் எடை ஏற்றுகிறார்கள்? தாய் எது, தகப்பன் எது? இப்படி ஒரு குதிரையின் பின்னால் போகிறவர், தனக்கே தெரியாமல் மொத்த ஆட்டத்தையும் கற்றுக்கொண்டுவிடுகிறார்.

ஆனால் ஒன்று. நீதிமன்றம் திறமை என்று சொன்னாலும், தோற்ற டிக்கெட்டுக்குப் பணம் திரும்பி வராது. குதிரையைப் பார்க்கப் போனவர், கட்டிய பணத்தை மட்டுமே பார்க்கத் தொடங்கும் நாளில் அந்தக் காதல் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு நடப்பதைத்தான் நம் வீட்டுப் பெண்கள் அடகுக்கடை வாசலில் நின்று அனுபவித்தார்கள்.

113 முறை தோற்ற ராணி

பிடித்த குதிரை ஜெயித்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. ஜப்பானின் கோச்சி நகரில் (நம் கேரளத்துக் கொச்சி அல்ல) ஹாரு உரரா என்றொரு பெண் குதிரை இருந்தது. 113 பந்தயங்களில் ஓடியது. ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. தோற்கத் தோற்க அதன் ரசிகர் கூட்டம் பெருகியது. 2004 மார்ச் 22 அன்று ஜப்பானின் முன்னணி ஜாக்கி யுடகா டாகே அதன் மேல் ஏறினார். சுமார் 13,000 பேர் திரண்டு வந்தார்கள். 11 குதிரைகளில் அது 10-வதாக வந்தது. அப்போதும் கைதட்டினார்கள்.

அந்தக் குதிரையின் டிக்கெட்டை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டவர்களும் உண்டு. ஜப்பானிய மொழியில் 'பரிசு அடிக்காது', 'வண்டி அடிக்காது' இரண்டுக்கும் ஒரே சொல்தான். அதனால் சாலை விபத்துக்குத் தாயத்து! நஷ்டத்தில் தள்ளாடிய கோச்சி பந்தயத் திடலுக்கும் அந்தக் குதிரையால் உயிர் வந்தது. 2025-ல் 29-வது வயதில் அது இறந்தபோது, ஒரு முறைகூட ஜெயிக்காத குதிரைக்காக எங்கெங்கோ இருந்தவர்கள் வருந்தினார்கள்.

2024 செப்டம்பரில் தமிழக அரசு, கிண்டி ரேஸ் கோர்ஸின் 160 ஏக்கர் நிலத்துக்கான குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தது. அதே ஆண்டு ஊட்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தையும் கையகப்படுத்தியது. திடல்கள் நாளை பூங்காவாகலாம், குளமாகலாம். திருச்சியைப் போல வெறும் சாலைப் பெயராகவும் சுருங்கலாம். அங்கே ஓடிய குதிரைகள் பிறகு ஓடப்போவது, பார்த்தவர்களின் நினைவில் மட்டும்தான்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கிண்டிக்கும் ஊட்டிக்கும் போன ஒரு தாத்தா இருக்கக்கூடும். "எவ்வளவு விட்டீங்க?" என்று எல்லோரும் கேட்டுக் கேட்டு, அவர் அந்தப் பேச்சையே நிறுத்தியிருப்பார். நீங்கள் வேறு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

"தாத்தா, உங்களுக்குப் பிடிச்ச குதிரை எது?"

பெயரைச் சொல்லிவிட்டு, அது எப்படி ஓடும் என்று அவர் கையாலேயே காட்டத் தொடங்கினால் புரிந்துகொள்ளுங்கள்... அவர் குதிரையைப் பார்க்கப் போனவர்.