உச்சமுனையில் கேட்ட கேள்வி

கற்பிட்டித் துறையிலிருந்து படகு புறப்பட்டபோது வெயில் இன்னும் ஏறவில்லை. புத்தளக் களப்பின் நீர் அன்று அமைதியாகக் கிடந்தது. தூரத்தில் மெல்லிய கோடு போல மணலும் சில தென்னைகளும் தெரிந்தன.

"அதுதான் சேர் உச்சமுனை" என்றார் படகோட்டி.

கரையேறி நடந்தோம். ஒரு பக்கம் டச்சுக்குடா, மறுபக்கம் பெருங்கடல். இரண்டுக்கும் நடுவே மணல். அம்மணலில் வலைகளும் கருவாடும் காய, மீனவர் குடும்பங்கள் வாழ்கின்றன.

நிழலில் அமர்ந்திருந்தபோது படகோட்டி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எங்கட மகளுக்குப் பேராதனைக் கம்பஸ் கிடைச்சிருக்கு சேர்."

"நல்ல செய்தியாயிற்றே!" என்றோம்.

"சந்தோஷந்தான். ஆனா, படிச்சு முடிச்சிட்டு இஞ்ச திரும்பி வருவாளா?"

பேராதனையிலேயே பயின்றவர் நாம். ஆயினும் உடனே விடை சொல்ல நா எழவில்லை.

இக்கரையின் பழைய வேலைகளை எண்ணிப் பார்த்தோம். கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் முடித்தனர். களப்பின் வாயிலைக் காத்து, கண்டி மன்னரின் கடல் வாணிகத்தைத் தம் பிடிக்குள் வைப்பதே அதன் நோக்கம். நீர்கொழும்பிலிருந்து புத்தளம்வரை களப்புகளை இணைத்துச் சென்ற வாய்க்கால் வழியும் அவர்கள் காலத்ததே. பின்னர் ஆங்கிலேயர் 1802இல் தொடங்கி 1804இல் முடித்த ஹமில்டன் வாய்க்கால் கொழும்புப் பக்கத்தை நீர்கொழும்போடு இணைத்தது. தட்டை அடியுடைய படகுகள் உப்பையும் கருவாட்டையும் கொப்பராவையும் தெற்கே சுமந்து சென்றன. 1926இல் புத்தளத்துக்குப் புகைவண்டி வந்தது. நம் காலத்தில், 2011இல், நுரைச்சோலை அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. இன்று அதன் நிறுவுதிறன் 900 மெகாவாட். கரையின் செல்வம் வெளியே போக வழிகள் பல திறந்தன. அறிவு உள்ளே வர எத்தனை வழிகள் திறந்தன?

பல்கலைக்கழகம் என்ற சொல்லே இந்நாட்டில் இல்லாத காலத்தில், 1807இல், இதே கற்பிட்டியில் பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டே, இலங்கையின் ஊர்களைப் பற்றிய விவர அகராதியை ஆங்கிலத்தில் எழுதி 1834இல் வெளியிட்டார். தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்த 'தமிழ் புளூட்டாக்' 1859இல் வெளிவந்தது. பிறந்த மண்ணையும் அதன் மக்களையும் தம் படிப்பின் பொருளாக்கியவர் அவர்.

1942இல் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1952இல் அது பேராதனைக்குப் பெயர்ந்தது. துணைவேந்தர் ஐவர் ஜென்னிங்ஸின் எண்ணப்படி, மாணவர் வளாகத்திலேயே தங்கிப் பயிலும் விடுதிப் பல்கலைக்கழகமாக அது அமைந்தது. அருணாசலம் மண்டபம், இராமநாதன் மண்டபம், ஹில்டா ஒபேசேகர மண்டபம். அவற்றைத் தழுவி ஓடும் மகாவலி. மாலையில் அக்பர் பாலத்தின்மேல் நடை. மலைநாடும் கரைநாடும் ஒரே மேசையில் உண்டு, ஒரே நூலகத்தில் கண்விழித்தன. 1945இல் வந்த இலவசக் கல்வியே ஏழைப் பிள்ளைக்கும் அந்த மேசையில் இடம் தந்தது.

அங்கே நாம் பெற்றது மிக அதிகம். திருப்பித் தந்தது என்ன? பட்டம் பெற்றபின் நாம் நம் ஊருக்குத் திரும்பவில்லை. விடுமுறைக்குப் போவோம், பெரியவர்களிடம் நலம் விசாரிப்போம், மூன்றாம் நாள் பஸ் ஏறிவிடுவோம். இதை அந்த மனிதரிடம் மறைக்க மனம் வரவில்லை.

"நாங்களும் திரும்பிப் போகவில்லை, ஐயா" என்றோம்.

அவர் சினக்கவில்லை. கடலைப் பார்த்தபடி, "படகு வரப் பிந்தினா நாங்க தேடிப் போவோம் சேர். பிள்ளையத் தேடிப் போக ஏலுமா? அவவா நினைச்சு வரவேணும்" என்றார். சற்றுப் பொறுத்து, "இருந்தாலும் அனுப்பத்தான் போறன்" என்றார்.

திரும்பும் வழியில் கற்பிட்டிக் கோட்டையின் சுவர் கண்ணில் பட்டது. கல்லால் கட்டியவை நின்ற இடத்திலேயே நிற்கும். கல்வியால் கட்டியவை நடந்து போய்விடும். அவற்றுக்குத் திரும்பி நடக்கவும் தெரிய வேண்டும்.

வீடு வந்ததும், நாம் முதன்முதலில் எழுத்துப் பயின்ற கிராமப் பள்ளியின் அதிபருக்கு ஒரு கடிதம் எழுதினோம். வரும் விடுமுறையில் மூன்று நாளன்று, மூன்று வாரம் அங்கே தங்கி, மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல அனுமதி கேட்டிருக்கிறோம்.