முகம் காட்டும் வித்தை

திரையிலே தேவன் ஒருவன் தோன்றுகிறான், கையை உயர்த்துகிறான், மறைகிறான். கொட்டகையிலே கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். மாயமா? மந்திரமா? இரண்டுமல்ல, தோழர்களே! படக்கருவி நின்றது, வேடமிட்டவர் விலகினார், கருவி மீண்டும் ஓடிற்று. அவ்வளவே! பிரெஞ்சு நாட்டு மேடை வித்தைக்காரர் ஜார்ஜ் மெலியே, நாற்காலியில் அமர்ந்த மங்கையை 1896ஆம் ஆண்டிலே இம்முறையால்தான் மறையச் செய்தார். நம் நாட்டுப் புராணப் படங்கள் அந்த வித்தையைக் கடன் வாங்கிக் கடவுளருக்குக் கொடுத்தன.

வித்தையின் உட்புறம் அறிந்தவனுக்கு வியப்புக் குறையும் என்பார்கள். எங்களுக்குக் கூடிற்று. கல்லூரி மாணவர் எழுவர் நாங்கள்; மூன்று நிமிடம் இருபது வினாடி ஓடும் பாட்டொன்றுக்குப் படம் அமைக்கப் புகுந்தோம். கையிருப்பு: கைபேசி இரண்டு, முக்காலி ஒன்று, இரவல் கணினி ஒன்று. பாட்டை எழுதியவரும் பாடியவரும் எம் தோழியருள் ஒருவர். பத்தாம் வகுப்போடு படிப்பு நிறுத்தப்பட்டு, மணவறைக்கு அனுப்பப்பட்ட தம் பள்ளித் தோழியைப் பற்றிப் பாடியிருந்தார். அவர் வீட்டார் இசைவு தந்தனர், ஒரு நிபந்தனையோடு. குரல் கேட்கலாம், முகம் தெரியலாகாது!

எங்களுள் இருவர் கொதித்தெழுந்தனர். (இருவரும் ஆடவர், கொதிப்பது அவர்களுக்கு எளிது.) ஆயினும் அந்தத் தந்தையின் அச்சத்தைப் பழைமைப் பித்தென்று முழுவதும் தள்ளிவிட முடியவில்லை. பெண்ணொருத்தியின் படம் கிடைத்தால் போதும், அதை வெட்டி ஒட்டி இழிவுபடுத்தும் கயவர் கூட்டம் இன்று உண்டு. கணினியும் அதற்குக் கைகொடுக்கிறது. அச்சம் மெய். ஆனால், கயவன் செய்யும் குற்றத்துக்குப் பாடுகிறவர் முகமா தண்டம் கட்ட வேண்டும்? தோழியோ வாதாடவில்லை. “வழி என்னென்ன உண்டு, முதலில் அதைத் தேடுங்கள்” என்றார். தேடினோம்.

பால்கே 1913இல் அரிச்சந்திரனைத் திரைக்குக் கொணர்ந்ததைப் பலரும் அறிவர். அதற்கு முன்பு, 1912இல், தொட்டியில் ஊன்றிய பட்டாணி விதை முளைத்து வளர்வதைச் சிறுகச் சிறுகப் படம்பிடித்து, நாட்கணக்கில் நடந்த வளர்ச்சியை ஒரு நிமிட அளவிலே ஓடவிட்டு, பணம் போடக்கூடியவர்களுக்குக் காட்டினார். அரிச்சந்திரனைவிட அந்தப் பட்டாணியே எங்கள் உள்ளத்தைக் கவர்ந்தது! பெரியதற்கு முன் சிறியதொரு சோதனை. நாங்களும் ஒவ்வொரு முறையையும் பத்து வினாடி அளவுக்கு எடுத்துப் பார்ப்பது, பிறகு பேசுவது என்று முடிவு செய்தோம்.

முதலில், உதடுகளை மட்டும் காட்டினால் என்ன என்றார் ஒருவர். மழைத்துளி மெல்ல இறங்க வேண்டும், உதடோ பாட்டோடு ஒத்தசைய வேண்டும். இதற்கொரு கணக்கு உண்டு. பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு அதனோடு பாடச் செய்வது. வினாடிக்கு 60 படமாகப் பிடித்து, 30 படமாக ஓட்டுவது. உதடு பாட்டுக்குப் பொருந்திவிடும். மற்றவையெல்லாம் பாதி வேகத்தில் மிதக்கும்! விடுதி அறையில் எடுத்த சோதனையில் திரை முழுதும் இருட்பட்டைகள் ஓடின. நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. குழல்விளக்கு 100 முறை மினுக்கும். 60 படம் பிடிக்கும் கருவியோடு அது ஒத்துப்போவதில்லை. பகல் வெளிச்சத்துக்கு வந்தோம், பட்டைகள் போயின. இன்னொன்றும் கண்டோம். உதட்டசைவு பிசகினால் கண் அதைப் பிடிப்பது பகரத்திலும் மகரத்திலும்தான். இரு உதடும் கூடினாலன்றி அவ்விரண்டும் ஒலியா என்று தொல்காப்பியர் பிறப்பியலிலே வகுத்துவிட்டார். படத்தொகுப்பாளருக்கும் அதுவே இலக்கணம்! மூன்று படம் முன்பின்னானால், ‘அம்மா’ என்னும் சொல்லில் வாய் திறந்திருக்கும்போதே மகரம் ஒலிக்கிறது. இத்தனையும் கற்றுத் தந்த அந்தச் சோதனையைத் தோழி பார்த்தார். “பல்பொடி விளம்பரம்” என்றார். உடலிலிருந்து வெட்டி எடுத்த உதடு வேறென்னவாகத் தோன்றும்?

அடுத்தது பெஞ்சு. கனடா நாட்டுத் திரைப்படக் கழகத்தில் பணிபுரிந்த நார்மன் மெக்லாரன், 1952இல் ‘அண்டை வீட்டார்’ என்று பொருள்படும் குறும்படமொன்றை எடுத்தார். ஒரு பூவுக்காக இருவர் அடித்துக்கொள்ளும் கதை. உயிருள்ள மனிதரைப் பொம்மைபோல் ஓரங்குலம் நகர்த்தி ஒரு படம், நகர்த்தி ஒரு படம் என்று எடுத்ததால், அவர்கள் நடக்காமலே புல்வெளியில் வழுக்கிச் செல்கிறார்கள். இந்த முறையில், காலியான வகுப்பறையில் ஒரு பெஞ்சு மட்டும், மேலே புத்தகப் பையோடு, தானே வாயிலைத் தாண்டிப் போக வேண்டும். தரையில் சுண்ணக்கட்டியால் கோடிட்டோம். சன்னலை மூடி ஒரே விளக்கை வைத்தோம். ஒவ்வொரு படத்துக்கும் தானே ஒளியைக் கூட்டிக் குறைக்கும் கருவியின் பழக்கத்தை நிறுத்தினோம். எட்டு வினாடிக்கு 80 படம், மூன்று மணி நேரம். பெஞ்சு போயிற்று! பார்த்தவர்கள் சிரிக்கத் தொடங்கி, பை வாயிலைத் தாண்டும்போது அடங்கினார்கள். பேச்சே இன்றி, அது படத்தில் இடம்பெற்றது.

ஆனால், பாடுகிறவர் எங்கே?

கணினிச் செயலி ஒன்றை நாடினோம். முகத்தைச் சித்திரமாக்கித் தருகிறேன் என்கிறது; பொத்தானை அழுத்தினால் போதும். அழுத்தினோம். கரிய முகத்தைக் கொடுத்தோம், வெளுத்த முகம் வந்தது! மூக்கு ஒடுங்கியிருந்தது, முகவாய் கூர்ந்திருந்தது. “யார் இவர்?” என்றார் தோழி. சினத்தோடு அல்ல, உண்மையிலேயே அறிமுகம் கேட்பவர்போல. இயந்திரத்துக்கு ஏது சாதி, ஏது நிறவெறி என்பார்கள். இயந்திரம் தனக்கு ஊட்டப்பட்ட படங்களிலிருந்து கற்கிறது. குவித்து ஊட்டியவை எத்தகைய முகங்களோ, அத்தகைய முகமே அழகென்று கொள்கிறது. “வீட்டார் என் முகத்தை மறைக்கத்தான் சொன்னார்கள். இது வேறு முகமல்லவா மாட்டிவிடுகிறது!” என்றார் அவர். செயலி அன்றே நீக்கப்பட்டது.

எஞ்சியது கைதான். அமெரிக்காவில் மாக்ஸ் பிளைசர், தம் தம்பியைக் கோமாளி உடையில் ஆடவிட்டு, பிடித்த படத்தை ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் விழச்செய்து, அதன்மேல் கோடிழுத்தார். அந்தக் கருவிக்கு 1917இல் காப்புரிமை பெற்றார். நார்வே நாட்டு ஆ-ஹா குழுவின் 1985ஆம் ஆண்டுப் பாட்டுப்படத்தில், பென்சில் கோட்டு மனிதன் தாளிலிருந்து கை நீட்டுவானே, அதுவும் இவ்வகைதான். ஏறத்தாழ 3000 சித்திரம். எங்கள் பாட்டு 200 வினாடி. வினாடிக்கு 30 வீதம் 6000 சித்திரம் வேண்டும்! ஒரு சித்திரத்தை மூன்று படத்துக்கு நிறுத்தினால் 2000. பல்லவி 25 வினாடிக்கு மட்டும் என்றால் 250. அது எழுவர் கைக்கு எட்டும் எண். தோழி பாடுவதைப் பிடித்து, படங்களைத் தாளில் அச்சிட்டு, கண்ணாடிப் பலகையின்கீழ் விளக்கை வைத்து, மேலே வெள்ளைத் தாள் விரித்து வரைந்தோம். வரைந்து முடிந்ததும் மூலப்படத்தை அழித்துவிடுவது என்று அவருக்கு வாக்களித்திருந்தோம்.

ஏழு கை, ஏழு விதக் கோடு. ஓடவிட்டபோது முகம் நீர்நிழல்போல் நடுங்கிற்று. யாருக்கும் அடையாளம் தெரியாது என்று மகிழ்ந்தோம். சோதனையைப் பார்க்க அவர் தாயார் வந்திருந்தார். நான்கு வினாடி ஆகவில்லை. “இதோ பாரு, மேல பாடறப்ப இடப்பக்கமாத் தலைய சாய்க்கிறா, சின்னப் பிள்ளையிலிருந்தே இப்படித்தான்” என்றார்.

கண்ணும் மூக்கும் மறைந்தன, அசைவு மறையவில்லை! முகம் என்று நாம் சொல்லுவதில் பாதி அசைவுதான் போலும். நிபந்தனை காப்பாற்றப்பட்டதா, மீறப்பட்டதா? கொதித்தெழுந்த இருவரும் இப்போது வாய் திறக்கவில்லை. தாயார் மறுமுறை போடச் சொன்னார். மூன்றாம் முறையும் கேட்டார். வீட்டுக்குப் போய் என்ன சொன்னாரோ, தடை வரவில்லை; வெளிப்படையான இசைவும் வரவில்லை.

பல்லவியின் கடைசி மூன்று வினாடிக்குரிய 30 தாள்களை நாங்கள் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, தோழி அவற்றையும் கண்ணாடிப் பலகையையும் வீட்டுக்கு எடுத்துச் சென்றிருக்கிறார். தம் முகத்தைத் தாமே வரைகிறார். அறைக்குள் அல்ல, நடுக்கூடத்தில். தந்தையார் பக்கத்தில் அமர்ந்து செய்தித்தாள் படிக்கிறாராம், பக்கத்தைத் திருப்பாமலே. நேற்றுவரை 19 தாள்கள் முடிந்திருக்கின்றன.