படலை வரை

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டபோது, என் பொறுப்பிலிருந்த கிராமங்களில் தனித்து வாழும் முதியவர்களின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதினேன். நேரில் போக முடியாது, தொலைபேசிதான். "அரிசி இருக்கோ? பிறசர் குளிசை முடிஞ்சுதோ?" இவைதான் என் கேள்விகள். பதிலுக்கு நேரே ஒரு சரி போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவேன்.

நான்காவது பெயர் ஓர் ஆச்சியுடையது. வயது 78. பிள்ளைகள் கனடாவில். காலையில் கோயில், பிறகு சந்தை, பின்னேரம் ஒழுங்கையில் நாலு வீடு என்று ஓயாமல் நடந்து திரிந்தவர். "ஆச்சி, படலைக்கும் வராதேங்கோ" என்று கட்டளை போட்டவள் நான்தான். அவரும் சொல் கேட்டார். கிட்டத்தட்ட நாலு கிழமை கதிரையும் கட்டிலுமாக இருந்தார்.

சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள் இரவு, வளவின் பின்புறமிருந்த மலசலகூடத்துக்குப் போகையில் கால் தடுமாறி விழுந்துவிட்டார். விடிந்த பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரி கண்டிருக்கிறா. "ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனாவோடதான் வருவன்" என்று ஆச்சி பிடிவாதம். எண்ணெய் பூசிப் பத்துப் போட்டார்கள். இரண்டு நாள் கழித்தே எனக்குச் செய்தி வந்தது.

"கால் எப்பிடிக் கிடக்குது அக்கா?"

"மற்றக் காலைவிடக் கட்டையாய்த் தெரியுது. பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கு."

இடுப்புப் பக்கத்துத் தொடை எலும்பு முறிந்ததற்கு அதுவே அடையாளம். 1990க்கு அழைத்தோம். ஊரடங்கிலும் அம்புலன்ஸ் வந்தது.

விழுந்து ஒன்றிரண்டு நாட்களுக்குள் சத்திரசிகிச்சை செய்வதே நல்லது என்றார் வைத்தியர். படுக்கையில் கிடக்கக் கிடக்கப் படுக்கைப்புண், நியூமோனியா, இரத்தக்கட்டி எல்லாம் வரிசையாக வருமாம். வீதி விபத்துக்காரர் குறைந்துவிட்டார்கள், ஆச்சிமார் குறையவில்லை என்றும் சொன்னார். பல நாடுகளிலும் அந்நாட்களில் இப்படித்தான் இருந்திருக்கிறது. வாகனம் ஓடாவிட்டால் வீதியில் அடிபட ஆளில்லை. முதியவர்களோ பெரும்பாலும் வீட்டுக்குள்ளேதான் விழுகிறார்கள். மாதவிடாய் நின்றபின் எலும்பு தேய்வதால் பெண்களுக்கே முறிவு அதிகம். நடக்காமல் இருந்தால் தசையும் இளைத்துவிடும். பட்டப்படிப்பில் முதுமையும் தனிமையும் பற்றிக் கட்டுரை எழுதி நல்ல புள்ளி வாங்கியவள் நான். அதில் தொடை எலும்பு வரவேயில்லை.

விடுதிக்குள் பார்வையாளருக்கு அனுமதியில்லை. வீடு திரும்பிய பிறகே, முற்றத்தில் தள்ளி நின்று ஆச்சியைப் பார்த்தேன். கையில் நடைச்சட்டம்.

"நீர் சொன்னபடிதானே பிள்ளை இருந்தனான்" என்றார். அதில் கோபம் இல்லை. எனக்குத்தான் பதில் வரவில்லை.

2021 ஓகஸ்ட் 20இல் மீண்டும் நாடு முடக்கப்பட்டபோது கொப்பியில் புதிதாக இரண்டு நிரல்கள் கீறினேன்: முற்றத்தில் நடந்தாரா, இரவில் வெளிச்சம் இருக்கிறதா. ஆச்சிக்கு அழைத்தால் என் கேள்விக்குக் காத்திருக்க மாட்டார்.

"இண்டைக்குப் படலைக்கு மூண்டுதரம் போய் வந்தனான். எழுதும் பிள்ளை."