பிபிமோஸ்

ஸ்பானிய மொழி படிக்கும் ஆசை எனக்கு வந்ததல்ல, தம்பிக்கு வந்தது. 2022 டிசம்பரில் கட்டாரில் ஆர்ஜென்டினா உலகக் கிண்ணத்தை வென்ற இரவு எங்கள் ஒழுங்கை முழுக்க நீலமும் வெள்ளையுமாகக் கொடிகள். மெஸ்ஸி பேசுவதை மொழிபெயர்ப்பில்லாமல் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று உம்மாவின் போனில் ஒரு பாடச் செயலியை இறக்கினான். ஒன்பதாம் நாள் விட்டுவிட்டான். "ஒரு சொல்லப் படிச்சா ஆறு சொல் வருது ராத்தா" என்றான்.

செயலி அழிக்கப்படாமல் அப்படியே கிடந்தது. சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேற்றுக்காகக் காத்திருந்த மாதங்களில்தான் நான் அதைத் திறந்தேன். அந்த நாட்களில் உம்மும்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, எழும்பி நடக்க முடியாமல் கட்டிலில் இருந்தார். பகலில் அவருக்குப் பக்கத்தில் இருப்பது என் பொறுப்பு. அவர் கண்ணயரும் நேரங்களில் சி.ஆர். கொப்பி ஒன்றில் வினைகளை எழுதினேன்.

ஒழுங்கான வினைகள் என்று அவர்கள் சொல்வது மூன்று வகை. எல்லாம் ஆர், ஏர், ஈர் என்ற முடிவுகளில் ஒன்றைக் கொண்டிருக்கும். ஆப்லார் என்றால் பேசுதல், கோமேர் என்றால் உண்ணுதல், பிபிர் என்றால் வாழ்தல் அல்லது வசித்தல். (கடைசிச் சொல்லை எழுதும்போது 'வி' என்றுதான் எழுதுகிறார்கள். சொல்லும்போது உதடு ஒட்டியும் ஒட்டாமலும் 'பி' ஆகிவிடுகிறது.) முடிவை வெட்டிவிட்டு ஆளுக்கேற்ற வாலை ஒட்ட வேண்டும். ஆப்லோ, நான் பேசுகிறேன். ஆப்லாஸ், நீ பேசுகிறாய். ஆப்லா, அவர் பேசுகிறார். ஆப்லாமோஸ், நாங்கள் பேசுகிறோம். ஆப்லான், அவர்கள் பேசுகிறார்கள். வால் ஆளைக் காட்டிக்கொடுப்பதால் நான், நீ என்று தனியாகச் சொல்லவும் தேவையில்லை. நமக்கு இது புதிதா என்ன? "வந்தேன்" என்றால் வந்தது யார் என்று தமிழிலும் யாரும் கேட்பதில்லை. இன்னொன்று: ஆர்ஜென்டினாவில் 'நீ' என்பதற்கு வேறொரு சொல்லும் அதற்கு வேறு வாலும் இருக்கின்றன. தம்பி விடாமல் படித்திருந்தாலும் அந்தச் செயலி அவனுக்குக் கற்பித்திருக்கக்கூடிய 'நீ' மெஸ்ஸியின் ஊர் 'நீ' அல்ல. இதைச் சொன்னபோது அவனுக்கு ஒரே சந்தோஷம்.

தமிழ் டீச்சர் பத்தாம் ஆண்டில் பகுபத உறுப்பிலக்கணம் படிப்பித்தபோது, நடந்தோம் என்பதை நட + த் + த் + ஓம் என்று பிரித்து, சந்தி 'த்' எப்படி 'ந்' ஆனது என்று விளக்கியதை நான் பரீட்சைக்காக மட்டுமே மனனம் செய்திருந்தேன். ஆப்லாபாமோஸ் என்ற ஸ்பானியச் சொல் வந்தபோது கை தானாகப் பிரித்தது. ஆப்ல் பகுதி. பிறகு ஓர் ஆ. பா காலம் காட்டும் இடைநிலை. மோஸ் விகுதி. முன்னால் பொருள், நடுவில் காலம், கடைசியில் ஆள். எங்கோ ஒரு கண்டத்து மொழி நம் நன்னூல்காரருக்குக் கட்டுப்பட்டு நிற்பதுபோல இருந்தது. எல்லாச் சொல்லும் இப்படி இணங்கிவிடவில்லை. ஆப்லோ என்பதில் முதல் அசையை அழுத்தினால் 'நான் பேசுகிறேன்', கடைசி அசையை அழுத்தினால் 'அவர் பேசினார்'. அவர்கள் அதற்கு எழுத்தின் தலையில் ஒரு கோடு போடுகிறார்கள். தமிழில் எழுதிப் படித்த நான் அடியில் கோடு கீறிக்கொண்டேன். ஒரு கோடு தவறினால் ஆளும் மாறும், காலமும் மாறும்.

எதிர்காலம் இலகு. வாலை வெட்டாமல் முழுச்சொல்லோடு ஒட்டினால் போதும், பிபிரேமோஸ், வாழ்வோம். என்னை நிறுத்தி வைத்தது இறந்தகாலம்தான், ஏனென்றால் அது இரண்டு. ஒன்று நடந்து முடிந்த செயலுக்கு. ஆப்லோ, பேசினார், அவ்வளவுதான், கதவு மூடியாயிற்று. மற்றது தொடர்ந்துகொண்டிருந்த, வழக்கமாயிருந்த செயலுக்கு. ஆப்லாபா, பேசிக்கொண்டிருந்தார், அந்த நாட்களில் அப்படிப் பேசுவது வழக்கம். முதலாவதுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. இரண்டாவது தொடக்கத்தையும் முடிவையும் பற்றி எதுவும் சொல்லாது. தமிழில் இரண்டுக்கும் 'பேசினார்' போதும், இதற்கெல்லாம் ஏன் இரண்டு வடிவம் என்று அலுத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் உம்மும்மா கண்விழித்துப் பழைய கதை சொன்னார். எத்தனையோ தடவை கேட்ட கதைதான். "அப்பா சுபஹுக்கு எழும்புவார். தொழுதிட்டு வந்து பிளேன்டீ குடிப்பார். ஏழு மணிக்குத் தையல் கடையத் திறப்பார். பெருநாள் வந்தா ராவிருட்டியா மெஷின் ஓடும். நாங்க பொத்தான் தைப்பம்." நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். எழும்புவார், குடிப்பார், திறப்பார், தைப்பம். எல்லாம் எதிர்கால வினை! டீச்சர் படிப்பித்த கணக்கில் அப்பா இனிமேல்தான் எழும்பப்போகிறார். யாழ்ப்பாணம் சோனகதெருவில் அவர் கடை திறந்த காலம் முடிந்து முப்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. வழக்கமாயிருந்ததைச் சொல்லத் தமிழ் எதிர்காலத்தைக் கடன் வாங்குகிறது. நமக்கும் இரண்டு இறந்தகாலம் இருந்திருக்கிறது, உம்மும்மா அதை என் வாழ்நாள் முழுக்கப் பேசியும் எனக்குக் கேட்கவில்லை.

கதை 1990 ஒக்டோபர் 30 க்கு வந்தது. அன்றுதான் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னார்கள். உம்மும்மாவின் வினைகள் சட்டென்று மாறின. "ஒலிபெருக்கியில கூப்பிட்டாங்க. மைதானத்துக்குப் போனோம். சொன்னாங்க. திரும்பி வந்து பிள்ளைகளத் தூக்கினோம். மெஷின விட்டிட்டு வந்தோம்." ஒவ்வொன்றும் மூடிய கதவு. கொப்பியின் இடப்பக்க நிரலில் இருந்து வலப்பக்க நிரலுக்கு அவர் ஒருமுறைதான் கடந்தார், அன்றிலிருந்து திரும்பவில்லை. வவுனியாவுக்கு வந்தோம், புத்தளத்துக்கு வந்தோம், முகாமில் ஓலை கட்டினோம்.

இன்னொன்றையும் கவனித்தேன். அந்தக் கதை முழுவதும் 'நாங்க' தான். கேட்பவரையும் சேர்த்தால் 'நாம', விலக்கினால் 'நாங்க'. அதில் பிழையில்லை. நான் புத்தளத்தில் பிறந்தவள். அந்த வீட்டை நான் கண்டதில்லை. யுத்தம் முடிந்தபின் மாமாமார் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கூரை இல்லை, கிணறு இருக்கிறது என்றார்களாம். பாடசாலையில் யாராவது "நீங்க எந்த ஊர்?" என்று கேட்டால் ஒரு கணம் தடுமாறுவேன். புத்தளம் என்றால், உங்கட வாப்பா உம்மா எங்க என்று அடுத்த கேள்வி வரும். யாழ்ப்பாணம் என்றால், அங்கே எந்தப் பக்கம் என்று கேட்பார்கள், எனக்கு வழி சொல்லத் தெரியாது.

ஒரு நாள் குடும்பத்தைப் பற்றிச் சொந்தமாக ஒரு வசனம் எழுதிப் பார்த்தேன். பிபிமோஸ் செர்கா தே லா மெஸ்கிதா. நாங்கள் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் வசிக்கிறோம். (மெஸ்கிதா 'மஸ்ஜித்' என்பதிலிருந்து வந்த சொல். ஏறக்குறைய எண்ணூறு வருடம் முஸ்லிம்கள் ஆண்ட நிலமல்லவா. 'ஓஹலா' என்று ஒரு சொல் உண்டு, 'அப்படி ஆகட்டும்' என்று ஆசைப்படும்போது சொல்வது. அதற்குள் அல்லாஹ்வின் பெயர் இருக்கிறது என்பது அதைத் தினமும் சொல்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!) எழுதிவிட்டு இறந்தகால நிரலோடு ஒப்பிட்டபோது ஒன்று தட்டுப்பட்டது. ஆர், ஈர் வினைகளில் 'நாங்கள்' என்பதற்கு நிகழ்காலமும் முடிந்த இறந்தகாலமும் ஒரே வடிவம். கோமேர் மட்டும் கோமேமோஸ், கோமிமோஸ் என்று பிரிந்துகொள்கிறது. பிபிமோஸ் என்றால் வாழ்கிறோம். பிபிமோஸ் என்றாலே வாழ்ந்தோம். எந்தக் காலம் என்பதைப் பக்கத்தில் வரும் சொற்கள்தான் காட்ட வேண்டும்.

என் வசனத்தில் பக்கத்தில் வந்தது பள்ளிவாசல் மட்டும். புத்தளத்து வீடும் பள்ளிவாசலுக்குப் பக்கம், சோனகதெரு வீடும் பக்கம். ஆண்டு போட்டால் தீர்ந்துவிடும். 1990 வரை என்று எழுதினால் வாழ்ந்தோம், கதவு மூடிவிடும். இப்போது என்று எழுதினால் கிணறு விடுபட்டுப்போகும். இரண்டும் எழுதி அழித்தேன். பிபியாமோஸ் என்று உம்மும்மாவின் 'தைப்பம்' காலத்திலும் எழுதிப் பார்த்தேன். அது அவருடையது, என்னுடையதல்ல. அந்த மோஸுக்குள் நான் இருக்கிறேனா என்று அந்த மொழி சொல்லவும் மாட்டாது. நாம், நாங்கள் என்ற வேறுபாடு அதற்குத் தெரியாது.

உம்மும்மா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். "என்ன மகள், எழுதிறதும் அழிக்கிறதும்?"

"யாராச்சும் எங்கட ஊரக் கேட்டா என்னென்டு சொல்றது உம்மும்மா? இருக்கிறோம் என்டா, இருந்தோம் என்டா?"

தலையணையைச் சரிசெய்யச் சொல்லிக் கையைக் காட்டினார். சரிசெய்தேன்.

"இதுக்கென்ன யோசின? நாம சோனகதெரு."

அதில் வினையே இல்லை. ஸ்பானியத்தில் இப்படி வினை இல்லாமல் சொல்ல முடியாது, 'சேர்' என்ற வினை வேண்டும் என்று செயலி சொன்னது. அது ஒழுங்கான வினை அல்ல. அந்தப் பாடத்துக்கு நான் இன்னும் வரவில்லை. கொப்பியில் அந்த வரியைத் தமிழிலேயே எழுதினேன், 'நாம' என்பதன் அடியில் ஒரு கோடு கீறினேன்.